'பெயிண்ட் எ பிக்சர்' என்னும் சொற்சேர்க்கை: எங்கே பொருந்தும், தமிழில் எப்படிச் சொல்வது?

கேள்வி

வணக்கம். ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கும் பணியில் இருக்கிறேன். அண்மையில் நான் ஒப்படைத்த மொழிபெயர்ப்பு ஒன்றில் ஒரே ஒரு தொடர் மட்டும் திரும்பத் திரும்ப என்னிடமே வந்தது. மூலத்தில் இருந்த வாக்கியம், 'த ஃபிகர்ஸ் பெயிண்ட் எ கிரிம் பிக்சர்' என்பது. முதலில் 'புள்ளிவிவரங்கள் இருண்ட படத்தைத் தீட்டுகின்றன' என்று எழுதினேன். சரிபார்த்தவர் அடிக்கோடிட்டுத் திருப்பி அனுப்பினார். 'புள்ளிவிவரங்கள் கொடூரமான சித்திரத்தை வரைகின்றன' என்று மாற்றினேன், அதுவும் திரும்பியது. மூன்றாவதாக 'புள்ளிவிவரங்கள் கவலைதரும் நிலையைச் சித்தரிக்கின்றன' என்றேன். அதை ஏற்றுக்கொண்டார், ஆனால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டிருந்தார். அது எதற்காக என்று அவரிடம் கேட்டபோது, 'பிழை என்று சொல்ல முடியவில்லை, ஆனால் தமிழாகவும் ஒலிக்கவில்லை' என்றார். அந்தப் பதில் இன்னும் என்னை விடவில்லை.

இதே சொற்சேர்க்கை வீட்டிலும் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. என் மகள் ஆங்கிலப் பயிற்சி ஏட்டில் 'ஐ பெயிண்டட் எ பெயிண்டிங்' என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் கடைசிச் சொல்லை அடித்துவிட்டு 'பிக்சர்' என்று திருத்தியிருந்தார். அடுத்த பக்கத்தில் அவள் 'ஐ ட்ரூ எ பிக்சர் வித் வாட்டர்கலர்ஸ்' என்று எழுதியபோது, அங்கே 'ட்ரூ' என்ற சொல்லை அடித்து 'பெயிண்டட்' என்று எழுதியிருந்தார். ஏன் என்று அவள் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நமக்கு இரண்டும் 'படம் வரைந்தேன்' தானே?

ஆகவே, 'பெயிண்ட்' என்பதும் 'பிக்சர்' என்பதும் சேரும்போது என்ன நடக்கிறது என்பதையும், உருவகமாக வரும் இடங்களில் அதைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.


மறுமொழி 1

நண்பருக்கு வணக்கம். உங்கள் மகளின் ஏட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

'ஐ பெயிண்டட் எ பெயிண்டிங்' என்பது இலக்கணப் பிழை அன்று. ஒரே ஒலி அடுத்தடுத்து வருவது காதுக்கு உறுத்துவதால்தான் ஆங்கிலம் பேசுவோர் பெரும்பாலும் அதைத் தவிர்க்கிறார்கள். ஆனால் அதற்கு மாற்றாக அவர்கள் சொல்லும் 'பெயிண்ட் எ பிக்சர்' என்பதும், வேர்ச்சொல் அளவில் பார்த்தால், கூறியது கூறல்தான். 'பெயிண்ட்' பழைய பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. 'பிக்சர்' லத்தீன் மொழியின் 'பிக்தூரா' என்ற சொல்லிலிருந்து வந்தது. இரண்டுக்கும் அடியில் இருப்பது 'பிங்கெரே', அதாவது வண்ணம் தீட்டுதல், என்ற ஒரே லத்தீன் வினை. 'டிபிக்ட்', 'பிக்மென்ட்' ஆகிய சொற்களும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. நாம் 'பாட்டுப் பாடினாள்', 'ஆட்டம் ஆடினான்' என்று சொல்லும்போது வினையும் அதன் பொருளும் ஒரே வேரிலிருந்து வருவதைப் போன்றதே இதுவும். காலப்போக்கில் இரண்டு சொற்களும் ஒலியில் விலகிப்போனதால் அந்த உறவு இப்போது காதில் விழுவதில்லை. அதனால் உறுத்தலும் இல்லை.

இரண்டாவது திருத்தம் வேறு வகையானது. 'ட்ரா' என்ற வினையின் பழைய பொருள் இழுத்தல். பேனாவையோ பென்சிலையோ தாளின்மேல் இழுத்துக் கோடு போடுவதுதான் 'ட்ராயிங்'. நம் 'வரை' என்ற சொல்லும் கோடு, எல்லை என்ற பொருள்களோடு பிணைந்தது என்பதால், அடிப்படையில் 'ட்ரா' என்பதற்கு நெருங்கிய இணை அதுவே. ஆனால் நாம் 'வரைதல்' என்பதைத் தூரிகை வேலைக்கும் தாராளமாக விரித்துவிட்டோம். ஆங்கிலம் அவ்வளவு தூரம் விரிக்கவில்லை. நீர்மமான வண்ணத்தைத் தூரிகையால் பரப்பினால் 'பெயிண்ட்'. பென்சில், பேனா, கரி, மெழுகு வண்ணக்குச்சி போன்றவற்றால் கோடிட்டால் 'ட்ரா'. மெழுகுக் குச்சியால் வண்ணம் நிரப்புவதை 'கலர்' என்ற வினையால் சொல்வார்களே தவிர 'பெயிண்ட்' என்று சொல்வதில்லை. உங்கள் மகள் நீர்வண்ணம் என்று எழுதிவிட்டதால், ஆசிரியர் வினையை மாற்றியது சரியே.

இதற்குள் இன்னொரு நுட்பம் இருக்கிறது. 'ஷீ இஸ் பெயிண்டிங் எ டோர்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். மரக்கதவு ஒன்றுக்கு அவள் பெயிண்ட் அடிக்கிறாளா, அல்லது தாளில் ஒரு கதவை ஓவியமாகத் தீட்டுகிறாளா? வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. தமிழில் இந்தக் குழப்பம் எழவே எழாது; 'கதவுக்கு பெயிண்ட் அடிக்கிறாள்' என்றால் ஒன்று, 'கதவை வரைகிறாள்' என்றால் மற்றொன்று; வேற்றுமை உருபும் வினையும் சேர்ந்து பொருளைப் பிரித்துக் கொடுத்துவிடுகின்றன. தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய சேனாவரையர் செயப்படுபொருளை இயற்றப்படுவது, வேறுபடுக்கப்படுவது, எய்தப்படுவது என்று மூன்றாகப் பிரிப்பார். அந்தப் பிரிவு இங்கே அப்படியே பொருந்துகிறது. 'பெயிண்ட் எ வால்' என்பதில் சுவர் முன்பே இருக்கிறது, அதன் தோற்றம் மட்டும் மாறுகிறது. ஆகவே அது வேறுபடுக்கப்படுவது. 'பெயிண்ட் எ பிக்சர்' என்பதில் வினை முடிந்த பிறகுதான் படம் என்ற பொருளே உலகில் தோன்றுகிறது. ஆகவே அது இயற்றப்படுவது. 'பிக்சர்' என்ற சொல் சேர்ந்தவுடன் கதவில் இருந்த ஐயம் நீங்கிவிடுகிறது. அந்தச் சொற்சேர்க்கை இவ்வளவு உறுதியாக நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

இனி உருவகப் பயன்பாடு. இங்கே கவனிக்க வேண்டியது, 'பெயிண்ட் எ பிக்சர்' தனியாக வருவது அரிது என்பதுதான். 'பிக்சர்' என்பதற்கு முன்னால் ஓர் அடைமொழியோ, பின்னால் 'ஆஃப்' என்று தொடங்கும் விளக்கமோ பெரும்பாலும் இருக்கும். அந்த அடைமொழி வடிவத்தால்தான் படத்துக்கு உரியது. பொருளால் அது படம் சுட்டுகிற நிலைமைக்கு உரியது. 'கிரிம் பிக்சர்' என்றால் படம் கொடூரமானது என்பதன்று, நிலைமை நம்பிக்கை தருவதாக இல்லை என்பதே. உங்கள் முதல் இரண்டு மொழிபெயர்ப்புகளிலும் அடைமொழி படத்தைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டது. தமிழ் வாசகர் அங்கே இருண்ட ஒரு படத்தைத்தான் பார்க்கிறார். அதற்கு அப்பால் இருக்கும் புள்ளிவிவரத்தை அவர் பார்ப்பதில்லை.

அடைமொழி எது என்பதைப் பொறுத்துத் தொனியும் மாறும். 'விவிட்' என்று வந்தால் பெரும்பாலும் பாராட்டு. சொன்னவர் கண்முன் நிறுத்துமாறு சொன்னார் என்பது கருத்து. 'ப்ளீக்', 'கிரிம்' என்று வந்தால் செய்தி மோசம் என்று பொருள், சொன்னவர்மேல் குறை இல்லை. 'ரோஸி', அதாவது நம்பிக்கையூட்டும் படம், என்று வந்தால், பல இடங்களில், உண்மை அவ்வளவு நன்றாக இல்லை என்ற ஐயமும் கூடவே வந்துவிடும். 'டிஃபரென்ட்' என்று வந்தால், முன்பு சொன்னதை இது மறுக்கிறது என்பதே செய்தி. நான்கையும் 'சித்தரிக்கிறது' என்ற ஒரே சொல்லால் மூடிவிட்டால் இந்த வேறுபாடுகள் எல்லாம் மறைந்துபோகும்.

வினையை மாற்றினாலும் பொருள் மாறும் என்பதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். 'டூ ஐ ஹேவ் டு ட்ரா யூ எ பிக்சர்?' என்று ஒருவர் கேட்டால், அவர் படம் வரைந்து தர முன்வரவில்லை. 'இதையும் விளக்கிச் சொன்னால்தான் உனக்குப் புரியுமா?' என்று எரிச்சலோடு கேட்கிறார்.


மறுமொழி 2

மேலே எழுதியவர் சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் அடைமொழி இடம் மாறிநிற்பது மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. கேள்வி கேட்டவரின் மூன்றாவது வாக்கியத்தில் அடைமொழி சரியான இடத்துக்கு வந்துவிட்டது. 'கவலைதரும் நிலை' என்றே எழுதியிருக்கிறார். அப்படியிருந்தும் சரிபார்த்தவருக்கு நெருடியிருக்கிறது. அந்த நெருடல் எழுவாயில் இருக்கிறது. 'சித்தரி' என்ற வினை ஒரு கையை, ஒரு மனத்தை எதிர்பார்க்கிறது. எழுத்தாளர் சித்தரிக்கலாம், இயக்குநர் சித்தரிக்கலாம், அவர்கள் படைத்த நாவலோ திரைப்படமோகூடச் சித்தரிக்கலாம், ஏனென்றால் அதற்குப் பின்னால் ஒரு படைப்பாளி நிற்கிறார். எண்களின் அட்டவணைக்குப் பின்னால் அப்படி ஒருவரை நாம் உணர்வதில்லை. ஆங்கிலத்தில் அட்டவணையும் ஆய்வறிக்கையும் கணக்கும் எளிதாகத் தூரிகையைக் கையில் எடுத்துக்கொள்கின்றன. அந்த மொழியின் எழுவாய் அதற்கு இடம் கொடுக்கிறது. தமிழில் அட்டவணை 'காட்டும்', 'உணர்த்தும்', 'தெரிவிக்கும்', மிஞ்சிப்போனால் 'சொல்லும்'.

'தீட்டுதல்' என்பதிலும் ஓர் இடர் இருக்கிறது. ஓவியம் தீட்டுவதோடு கத்தி தீட்டுவதும், அரிசி தீட்டுவதும், திட்டம் தீட்டுவதும் அதே சொல்தான். திரும்பத் திரும்பத் தேய்த்து, மெருகேற்றி, கூர்மையாக்குவது அதன் உயிர்நாடி. ஆகவே 'தீட்டினார்' என்றவுடன் உழைப்பும் நேர்த்தியும் மனத்தில் தோன்றுகின்றன. மோசமான செய்தியைத் தரும் எண்களுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தால், எண்கள் ஏதோ அக்கறையோடு அழகுபடுத்திக்கொண்டிருப்பது போன்ற தோற்றம் வந்துவிடுகிறது.

அதே நேரத்தில், சொல்லால் படம் எழுதுவது என்னும் எண்ணமே தமிழுக்கு அயலானது என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். பழந்தமிழில் ஓவியம் 'எழுதப்பட்டது'. கண்ணுக்கு மை தீட்டுவதையும் 'எழுதுதல்' என்றே திருக்குறள் சொல்கிறது (குறள் 1285). எழுத்துக்கும் ஓவியத்துக்கும் ஒரே வினையை வைத்திருந்த மொழி இது. 'சொல்லோவியம்' என்று நாம் இன்று பாராட்டாகச் சொல்வதும் அந்த வழியில் வந்ததுதான். ஒரு மனிதர் ஒரு காட்சியைக் கண்முன் நிறுத்திச் சொல்லும்போது, அதாவது முதல் மறுமொழியில் குறிப்பிட்ட 'விவிட் பிக்சர்' என்ற இடத்தில், 'சொல்லோவியமாகத் தீட்டியிருக்கிறார்' என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு எந்த உறுத்தலும் இருக்காது.

புழக்கத்தில் இன்னொரு தொடரும் இருக்கிறது: 'படம்பிடித்துக் காட்டுதல்'. 'இந்த அறிக்கை உண்மை நிலையைப் படம்பிடித்துக் காட்டுகிறது' என்று நாளிதழ்களில் அன்றாடம் பார்க்கிறோம். உயிரற்ற எழுவாயோடும் அது இயல்பாகச் சேர்கிறது. ஆனால் இது ஒளிப்படக் கருவியிலிருந்து பிறந்த உருவகம். ஒளிப்படம் உள்ளதை உள்ளபடி காட்டும் என்பது நம் பொதுநம்பிக்கை. ஓவியமோ தீட்டுபவரின் விருப்பத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். 'படம்பிடித்துக் காட்டுகிறது' என்று எழுதினால் சொல்லப்படுவது உண்மைதான் என்று மொழிபெயர்ப்பாளரே சான்றளித்துவிடுகிறார். 'கிரிம்' என்ற இடத்தில் அது பெரும்பாலும் கேடு செய்யாது. 'ரோஸி' என்ற இடத்தில் பொருளையே தலைகீழாக்கிவிடும். அவசரத்தில் இதிலிருந்து 'பிடித்து' என்ற சொல்லை விட்டுவிட்டு 'படம் காட்டுகிறது' என்று எழுதிவிடவும் கூடாது; பேச்சுவழக்கில் 'படம் காட்டுதல்' என்பதற்கு வெற்றுப் பகட்டு என்று பொருள்.


மறுமொழி 3

நான் மொழி அறிஞன் அல்லன். பல ஆண்டுகளாக எண்ணெய் வண்ணத்தில் ஓவியம் தீட்டி வருபவன். இந்தச் சொற்சேர்க்கை ஓவியக்கூடத்துக்குள் எப்படிப் புழங்குகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் ஆங்கிலத்தில் பேசும்போது, 'பெயிண்ட்' என்பதற்குப் பின்னால் 'பிக்சர்' என்ற பொதுச்சொல்லைவிட, என்ன வகை என்பதைச் சொல்லும் சொல்லே அதிகமாக வரும்: 'பெயிண்ட் எ போர்ட்ரெய்ட்', 'பெயிண்ட் எ லேண்ட்ஸ்கேப்', 'பெயிண்ட் எ ஸ்டில் லைஃப்'. முடிந்த பொருளை 'பெயிண்டிங்' என்போம். 'பிக்சர்' என்பது அகலமான சொல். ஒளிப்படமும் அதுதான், பென்சில் படமும் அதுதான், அச்சுப் படமும் அதுதான். ஆகவே எதிரே இருப்பவர் ஓவியர் என்றால் 'பெயிண்டிங்' என்றும், குழந்தையோ பொதுவானவரோ என்றால் 'பிக்சர்' என்றும் சொல்லுவது வழக்கம்.

இந்தச் சொற்சேர்க்கையோடு சேரும் சிறு சொற்களில்தான் தமிழர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கருவிக்கு 'வித்': 'வித் எ பிரஷ்', 'வித் எ நைஃப்'. ஊடகத்துக்கு 'இன்': 'இன் ஆயில்ஸ்', 'இன் வாட்டர்கலர்'. பரப்புக்கு 'ஆன்': 'ஆன் கேன்வாஸ்', 'ஆன் பேப்பர்', 'ஆன் வுட்'. எதைப் பார்த்துத் தீட்டினோம் என்பதற்கு 'ஃப்ரம்': 'ஃப்ரம் லைஃப்' என்றால் நேரில் பார்த்து, 'ஃப்ரம் எ போட்டோகிராஃப்' என்றால் ஒளிப்படத்தைப் பார்த்து, 'ஃப்ரம் மெமரி' என்றால் நினைவிலிருந்து. காட்சிக்கூடத்தில் ஓவியத்தின் அருகே ஒட்டியிருக்கும் சிறு அட்டையில் 'ஆயில் ஆன் கேன்வாஸ்' என்று இருக்கும். வினையே இல்லாத அந்த மூன்று சொற்களில், முதலாவது நிறத்தூள் எதில் குழைக்கப்பட்டது என்பதையும், கடைசிச் சொல் எதன்மேல் பூசப்பட்டது என்பதையும் சொல்கின்றன. எல்லாப் பழைய ஓவியங்களும் துணியில் தீட்டப்பட்டவை என்று நினைப்பவர்கள் அந்த அட்டையைப் படிக்கத் தவறுகிறார்கள். பாரிசில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மோனா லிசா துணியில் தீட்டப்பட்டதன்று. 77 சென்டிமீட்டர் உயரமும் 53 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பாப்லர் மரப்பலகையின்மேல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டப்பட்டது.

'ஆஃப்', 'பை' என்ற இரண்டும் தனிச் சிக்கல். டச்சு ஓவியர் ரெம்பிராண்டை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் 'ரெம்பிராண்டின் ஓவியம்' என்றால் அவர் தீட்டியதா, அவரைத் தீட்டியதா, அவரிடம் இருந்ததா என்று தெரியாது. மூன்றுக்கும் அந்த 'இன்' உருபு இடம் தருகிறது. ஆங்கிலத்தில் 'எ பெயிண்டிங் பை ரெம்பிராண்ட்' என்றால் அவர் தீட்டியது, 'எ பெயிண்டிங் ஆஃப் ரெம்பிராண்ட்' என்றால் அவரது உருவத்தைக் காட்டுவது. அவர் தம்மையே பலமுறை தீட்டிக்கொண்டவர் என்பதால் அந்தத் தன்னுருவ ஓவியங்களுக்கு மட்டும் இரண்டும் பொருந்தும். தமிழாக்கும்போது 'ரெம்பிராண்ட் தீட்டிய', 'ரெம்பிராண்டைத் தீட்டிய' என்று வினையை வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓவியக் கண்காட்சிக் குறிப்பேடுகளில் இந்த ஒரு பிழையால் ஓவியரும் உருவத்துக்கு உரியவரும் இடம் மாறிப்போனதைக் கண்டிருக்கிறேன், அதைக் காணும்போது மனம் வருந்துகிறது.

'ட்ரா', 'பெயிண்ட்' பிரிவு பற்றி முதல் மறுமொழியில் சொன்னது சரி. ஆனால் எல்லைக்கோட்டில் நிற்கும் பொருள்களும் உண்டு. உலர் பேஸ்டல் குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நீர்மமும் இல்லை, தூரிகையும் இல்லை. விரலுக்கு இடையில் பிடித்துத் தாளில் தேய்த்தால், மாவு போன்ற நிறம் தாளின் சொரசொரப்பான மேடுகளில் மட்டும் பிடித்துக்கொள்கிறது, பள்ளங்களில் தாளின் நிறம் அப்படியே எட்டிப் பார்க்கிறது. அந்த நிலையில் நிறுத்திவிட்டால் பலரும் அதை 'ட்ராயிங்' என்பார்கள். மேலும் அடுக்கடுக்காகத் தேய்த்து, விரலால் குழைத்து, தாளே தெரியாதபடி மூடிவிட்டால் அதுவே 'பேஸ்டல் பெயிண்டிங்' ஆகிவிடுகிறது. குச்சியும் அதேதான், கையும் அதேதான். திரையில் எண்மக் கருவியால் செய்யும் வேலைக்கும் 'டிஜிட்டல் பெயிண்டிங்' என்றே பெயர். அதில் ஒரு சொட்டு வண்ணமும் இல்லை. ஆகவே ஓவியர்களிடையே 'பெயிண்ட்' என்ற சொல் பொருளைவிட அணுகுமுறையைக் குறிக்கிறது. கோட்டால் கட்டினால் 'ட்ரா', நிறப்பரப்பால் கட்டினால் 'பெயிண்ட்'. உங்கள் மகளுக்கு இப்படிச் சொன்னால் புரியும் என்று நினைக்கிறேன்.


கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகளிடம் பேஸ்டல் எடுத்துக்காட்டைச் சொன்னேன். உடனே தன் ஏட்டை எடுத்து, எந்தெந்தப் படத்துக்கு எந்த வினை என்று குறித்துக்கொண்டாள்.

என் வாக்கியத்தை இப்போது 'நிலைமை நம்பிக்கை தருவதாக இல்லை என்பதையே புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன' என்று மாற்றியிருக்கிறேன். அதே கட்டுரையின் பிற்பகுதியில் 'த ரிப்போர்ட் பெயிண்ட்ஸ் எ ரோஸி பிக்சர் ஆஃப் த ஃப்யூச்சர்' என்று ஒரு வாக்கியம் வருகிறது. அடுத்த பத்தியில் கட்டுரையாளர் அந்த அறிக்கையின் கணக்குகளை ஒவ்வொன்றாக மறுக்கிறார். இதற்கு 'எதிர்காலம் ஒளிமயமாக இருக்கும் என்று அறிக்கை காட்டுகிறது' என்று எழுதினேன். எழுதியபின் ஏதோ குறைவதாகத் தோன்றுகிறது. 'மிகைப்படுத்திக் காட்டுகிறது' என்று எழுதலாமா?


மறுமொழி 1 எழுதியவர்

'மிகைப்படுத்தி' என்பது கூடுதல். ஆங்கில வாக்கியத்தில் ஐயத்தின் நிழல்தான் விழுகிறது. தீர்ப்பு அடுத்த பத்தியில்தான் வருகிறது. இங்கேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டால் கட்டுரையாளர் ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டு போவதற்கு வலுவில்லாமல் போகும். நீங்கள் முதலில் எழுதியதில் குறைவதும் அந்த நிழல்தான். 'என்று காட்டுகிறது' என்னும்போது, மறுமொழி 2 எச்சரித்தபடி, அறிக்கை சொல்வதை நீங்களும் ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. 'எதிர்காலம் ஒளிமயமாக இருக்கப்போவதுபோல் காட்டுகிறது இந்த அறிக்கை' என்று எழுதிப் பாருங்கள். 'போல்' என்ற ஒரு சொல்லே வாசகரைச் சற்று நிறுத்தி வைக்கும். மீதியை அடுத்த பத்தி பார்த்துக்கொள்ளும்.